மாணிக்க மகாலும் நாலு ஜோடிச் செருப்பும்

மாணிக்க மகாலைப் பார்க்காதவர் பெங்களூரைப் பார்த்தவரே ஆகமாட்டார் என்று மாண்பு ஆணையம் ஊரெங்கும் பலகை வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஊருக்குள்ளேயே இருக்கிற நீலசந்திராவில் பாதி ஜனம் இன்னும் பெங்களூருக்கே வந்து சேரவில்லை. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து, அங்கேயே செத்தும் போகிறவர்கள்தான். ஆனாலும் வந்து சேரவில்லை. ஆணையமே சொல்லும்போது நாம் யார் மறுக்க?

முழுப்பெயர், மாணிக்க மகால் மாண்பு பேணும் ஆணையம். மகால் என்னவோ யாரோ ஒரு ராணி காற்று வாங்குவதற்காகக் கட்டிய கல் கட்டடம். கல்லுக்கு என்ன மாண்பு குறைந்துவிடப் போகிறது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கே போவார்கள், பாவம்! சனி, ஞாயிறு மாலைகளில் அந்தக் கட்டடம் முழுக்க பல்பு எரியும். முன்பெல்லாம் ரோட்டில் போகிற வருகிறவர்கள் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். காசு கொடுக்காமல் பார்க்கிறார்களே என்று ஆணையத்துக்கு வயிறு எரிந்தது. வேலியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்து, அதற்கு 'மாண்புத் திரை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம், ஏழைகள் மேல் இரக்கமில்லை என்று யாராவது எழுதிவிடப் போகிறார்களே என்று மாதத்தில் ஒரு சனிக்கிழமையை 'எளியோர் மாலை' என்று அறிவித்தார்கள். அன்றைக்கு டிக்கெட் பாதி விலை. மரியாதையும் பாதிதான் என்பதைப் பலகையில் போடவில்லை.

அப்படி ஓர் எளியோர் மாலைக்குத்தான் நீலசந்திராவிலிருந்து ஜானகி தன் குடும்பத்தைக் கிளப்பினாள்.

பல்பு பார்க்கிற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. கார்மெண்ட்ஸில் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிற ட்யூப்லைட்டைப் பார்த்தே கண் பூத்துப்போனவள் அவள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு போட்டோ. வீட்டில் போட்டோவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாவற்றிலும் ஓர் ஆள் குறையும். புருஷன் ராஜேந்திரன் எடுத்தால் அவன் இருக்கமாட்டான். பெரியவள் வீணா எடுத்தால் அவள் இருக்கமாட்டாள். சின்னவள் சுனிதா எடுத்தால் அவள் விரல் மட்டும் ஓரத்தில் இருக்கும். ஒருதரம் பக்கத்து வீட்டுப் பெண் அன்னாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். நாலு பேரும் விழுந்தார்கள், தலைதான் ஒருத்தருக்கும் இல்லை.

இதெல்லாம் எப்போதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தார்கள். ஆனால் ஹெப்பகோடியில் ராஜேந்திரன் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலை கதவைச் சாத்திவிட்டது. ஏஜென்ட் ஒருவர் மஸ்கட்டில் வேலை பிடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. திங்கட்கிழமை விமானம்.

"நாலு பேரும் ஒண்ணா நிக்கணும். பின்னாடி ஜிகுஜிகுன்னு லைட்டு எரியணும். நாளைக்கே பிரிண்ட் போட்டு உன் பொட்டியில வெச்சிடறேன். அங்க கட்டில் பக்கத்துல ஒட்டிக்கோ" என்றாள் ஜானகி.

"வீட்டு வாசல்ல நின்னு எடுத்தா ஆவாதா?"

"வாசல்ல இன்னா கீது? சிலிண்டரும் சாக்கடையும். அதப் பாத்தா அங்க இருக்கறவன் நம்மள இன்னான்னு நெனைப்பான்?"

சித்ரான்னத்தை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் பெண்கள் மூவருக்கும் இலவசம். ராஜேந்திரனுக்கு மட்டும்தான் டிக்கெட். "எங்க வீட்லயே செலவு ஜாஸ்தி வெக்கற ஆளு நான்தான்பா" என்று அவன் சொன்னதும் கண்டக்டர் சிரித்துவிட்டார். அன்று மாலை அவர்களைப் பார்த்துச் சிரித்த கடைசி உத்தியோகஸ்தர் அவர்தான்.

மகாலுக்கு மூன்று வாசல். கௌரவ விருந்தினருக்கு ஒன்று, காசு கூடக் கொடுத்து விரைவாகப் போகிறவர்களுக்கு ஒன்று. எளியோர் வாசல் பின்பக்கம், ராஜகால்வாய் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ராஜா என்பதெல்லாம் பெயரில்தான், ஓடுவது ஊர்ச் சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொள்வது மாண்புக்குக் குறைவு என்று அங்கேயும் ஒரு பலகை நின்றது. குடும்பம் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தது.

வாசலில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் டெரிக் டிக்கெட்டை ஸ்கேன் செய்துவிட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல இன்னாம்மா?"

"சித்ரான்னா சார்."

"வெளிச் சாப்பாடு உள்ள நாட் அலௌடு."

"சரி சார், இங்கயே ஓரமா குந்திச் சாப்ட்டுடறோம்."

"கேட்டாண்ட சாப்பிடக் கூடாது. டிக்னிட்டி ஜோன் இது."

"அப்ப ரோட்டுக்கு அந்தாண்ட போயி சாப்ட்டுட்டு வர்றோம்" என்றான் ராஜேந்திரன்.

"டிக்கெட் ஸ்கேன் ஆயிடுச்சேப்பா. வெளிய போனா டிக்கெட் செத்துடும்."

"கொட்டிடட்டுமா?"

"கொட்டுனா ஃபைன்."

ஜானகி கேரியரைப் பார்த்தாள். காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து, வேர்க்கடலை வறுத்துப் போட்டுக் கிளறிய சோறு. அது இந்தப் பூமியில் எங்கேயும் இருக்க முடியாதபடி ஆணையம் நாலு பக்கமும் சட்டம் போட்டு வைத்திருந்தது. கடைசியில் டெரிக் தரையில் மஞ்சள் பெயிண்டில் போட்டிருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். அதற்குப் பெயர் உண்ணும் கட்டம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் நிற்கலாம், உட்காரக் கூடாது, மேற்பார்வை கட்டாயம். மேற்பார்வைக்குப் பார்வையாளர் நல்லுறவு அதிகாரி ராஜலக்ஷ்மி வந்தாள். பட்டுப்புடவை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நல்லுறவு துளிக்கூட இல்லை.

"சத்தம் வராம மெல்லுங்க. உள்ள கௌரவ விருந்தினர் இருக்காங்க" என்றாள்.

சுனிதா முதலில் நின்று சாப்பிட்டாள், பிறகு வீணா, பிறகு ஜானகி, கடைசியில் ராஜேந்திரன். அவசரத்தில் அவன் வலது செருப்பு மேலெல்லாம் சோறு சிந்தியது. மாதம் பூராவும் காத்திருந்து வந்த குடும்பத்தில், கட்டத்துக்குள் நிற்கிற ஆளை மற்ற மூன்று பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆணையத்தின் சொந்தக் கடையில் 'ராணி சித்ரான்னம்' விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு விலையில் நீலசந்திராவில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

இவர்கள் வரிசையாகத் தின்று முடிப்பதற்குள் மற்ற எளியோர் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அதனால் அலங்கார வளைவுக்கு வந்தபோது அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வாழை மரம், தரையில் பெரிய ரங்கோலி, ஆள் உயரக் குத்துவிளக்கு, நடுவில் செவ்வந்தி மாலை போட்ட ராணி சிலை, காலடியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும் பலகை நட்டு வைக்கிற ஆணையம் செருப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை.

ஜானகி யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றினாள். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மா, உள்ள எல்லாரும் ஷூவோட நடக்கறாங்கம்மா" என்றாள் வீணா.

"அவங்க கெட்டா நீயும் கெடணுமா? கழட்டு."

நாலு ஜோடியையும் சுவரோரமாக வைத்தாள். வீட்டில் வைப்பது போலவே ஒன்றுக்கொன்று இடிக்காமல், திரும்பி வந்தால் அப்படியே கால் நுழைக்கிற மாதிரி முனை வெளியே பார்க்க, ஒழுங்காக வைத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

உள்ளே புல்வெளி. புல்லில் நடக்கக் கூடாது, புல்லுக்கு நடுவே போகிற கல் பாதையில் நிற்கக் கூடாது. எப்படியோ ஓர் இடம் பிடித்துப் போனைக் கையில் எடுத்ததும் ராஜலக்ஷ்மி மறுபடி முளைத்தாள்.

"எத்தனை பேர் ஒரே படத்துல?"

"நாலு பேருங்க. நாங்கதான்" என்றாள் ஜானகி.

"மூணு பேர் வரைக்கும் தனிப்பட்ட படம். நாலு பேர்னா நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு முன் அனுமதி வாங்கணும், இன்ஷூரன்ஸ் கட்டணும், தீயணைப்புச் சான்றிதழ் காட்டணும்."

"குடும்பம்ங்க இது!"

"இருக்கலாம். மூணு பேரா நின்னு எடுத்துக்குங்க. ஒருத்தர் எடுக்கட்டும். எல்லாக் குடும்பமும் அப்படித்தானே எடுக்கறாங்க?"

ஜானகிக்குச் சிரிப்பதா, அந்தப் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தன் வீட்டைப் பிடித்த பீடை ஆணையத்தில் சட்டமாகவே உட்கார்ந்திருக்கிறது! அதிகாரி நகர்ந்ததும் வீணா ரகசியமாக ஒரு வழி சொன்னாள். காலி கேரியர் மேல் போனைச் சாய்த்து வைத்து டைமர் போடலாம், லைட் எரிந்ததும் ஓடிவந்து நின்றுகொள்ளலாம்.

ஆனால் லைட் எரிவதற்கு முன்னால் பேச்சு. ஆணையத்தின் இயக்குநர் ஆராவமுதன் மேடை ஏறினார். அவர் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகம், அது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கன்னடத்தில் தொடங்கினார், இங்கிலீஷுக்குப் போனார், எளியோர் பக்கம் திரும்பும்போது மட்டும் தமிழுக்கு இறங்கினார்.

"எளியோர்களே! இந்த மாளிகை உங்களுடையது. உங்களுடையதுங்கறதனாலதான் உங்ககிட்டேர்ந்து இதைக் காப்பாத்த வேண்டியிருக்கு. நான் பொறுப்புக்கு வந்தப்போ தினம் ஆயிரக்கணக்குல ஜனம் வந்துண்டிருந்தது. இப்போ பாதிகூட வரதில்லே. இது சாதாரணச் சாதனை இல்லே. ஒருத்தருமே வராம, இந்த மாளிகை தன் முழு மாண்போட தனியா ஜொலிக்கிற ஒரு நாள் வரும். அதுதான் எங்க லட்சியம். அதுக்கு உங்க ஒத்துழைப்பு தேவை."

எளியோர் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் லைட் போடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். அடேயப்பா! கோபுரம், தூண், ஜன்னல், கைப்பிடிச் சுவர் எல்லாம் ஒரே நேரத்தில் பொன்னாகிவிட்டது. சொல்லத்தான் வேண்டும், அழகாகத்தான் இருந்தது. அதில் ஆணையத்தின் பங்கு எதுவும் இல்லை. வீணா டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். ராஜேந்திரன் மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே தள்ளினான். ஜானகி சுனிதாவின் தோளில் கை போட்டாள். போன் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

மொத்த வெளிச்சமும் பொசுக்கென்று அணைந்தது. போன் அப்புறம்தான் படம் எடுத்தது. கன்னங்கரேலென்ற படம்.

ஒலிபெருக்கி கரகரத்தது. டெரிக்கின் குரல்தான், நடுங்கிக்கொண்டிருந்தது. "கவனிக்கவும்! அலங்கார வளைவில் எட்டு மர்மப் பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஜோடி ஜோடியாக, சம இடைவெளியில், தப்பிச் செல்லும் திசையை நோக்கி வைக்கப்பட்டுள்ளன. இது திட்டமிட்ட செயல். யாரும் வெளியே போகக் கூடாது. யாரும் உள்ளேயும் நிற்கக் கூடாது."

ஜனம் இருட்டில் முட்டி மோதியது. குழந்தைகள் வீறிட்டன. ஆணையத்தின் சொந்த மோப்ப நாய் வந்து எட்டுப் பொருட்களையும் முகர்ந்தது. மற்ற ஏழு பொருளையும் விட்டுவிட்டு, ராஜேந்திரனின் வலது செருப்பை மட்டும் ஆசை தீர நக்கியது. அப்புறம் அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"படுத்துட்டா சரக்கு ஸ்ட்ராங்குன்னு அர்த்தம்" என்றான் நாயைப் பிடித்திருந்தவன். எல்லாரும் பத்தடி பின்னால் போனார்கள். எலுமிச்சை வாசனை ஒருவர் மூக்குக்கும் எட்டவில்லை.

அப்போதுதான் ஜானகி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஏய்யா... நம்ம செருப்பு!"

ராஜேந்திரன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "வாயத் தொறக்காத. கேட்டு தொறந்ததும் வெறுங்காலோட போயிடலாம். போலீஸ் கேஸுன்னு ஆச்சுன்னா திங்கக்கெழம ஏர்ப்போர்ட்லயே மடக்கிடுவான். வேல பூடும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த வேலைக்காகத் தாலிச் சரடு முதல் எல்லாம் அடகுக்குப் போயிருந்தது. ஆனால் கேட்டும் திறக்கவில்லை, லைட்டும் வரவில்லை. சுனிதா அழ ஆரம்பித்தாள். ஜானகி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். சாக்கடை ஓரமாக வரவைத்தார்கள், வந்தாள். மாடு மாதிரி நிற்கவைத்துத் தின்னச் சொன்னார்கள், தின்றாள். மரியாதைக்குக் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்து இவர்கள் நடுங்குகிறார்கள் என்றால், இதற்கு மேல் என்ன பொறுப்பது! அவன் கையை உதறிவிட்டு நேராக நடந்தாள்.

"அது எங்க செருப்புங்க" என்றாள்.

டார்ச் வெளிச்சங்கள் எல்லாம் அவள் காலில் விழுந்தன. இயக்குநர் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"செருப்பா? செருப்பை எதுக்குக் கழட்டினே?"

"வாழை மரம், விளக்கு, மாலை எல்லாம் இருந்துச்சுங்க. கோயில் மாதிரி இருந்துச்சு."

ஆராவமுதன் முகம் சிவந்துவிட்டது. "கோயிலா? இதைப் போய்க் கோயிலோட சேர்க்கறியா? கோயிலுக்கு யார் வேணும்னாலும் வருவா! இது மகால்!"

ஓடிவந்த ராஜேந்திரன் இரண்டு கையையும் கூப்பினான். "சார், போலீஸ் வேணாம் சார். நாளன்னிக்கு வெளிநாடு போறேன் சார். தெரியாம பண்ணிட்டா."

"போலீசுக்கு எழுதத்தான் போறேன்" என்றார் இயக்குநர்.

ராஜலக்ஷ்மி அவர் காதோரம் குனிந்தாள். "எழுதினா, நம்ம பாதுகாப்பைத் தாண்டி அத்தனை செருப்பும் எப்படி அங்க வந்துச்சுன்னு கேப்பாங்க சார்."

டெரிக் வானத்தைப் பார்த்தார். இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். நாட்டின் சட்டத்தை விட ஆணையத்தின் சட்டமே கடுமையானது என்பதால் இதை உள்விவகாரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. குற்றவாளிகளின் படத்தை வாசலில் பெரிதாக வைக்க வேண்டும். படத்தில் எல்லாக் குற்றவாளிகளும் ஒன்றாக இருக்க வேண்டும், அவரவர் பொருள் அவரவர் கையில் இருக்க வேண்டும், சம்பவ இடம் பின்னால் தெளிவாகத் தெரிய வேண்டும்.

"நாலு பேர் இருக்காங்களே சார், நிகழ்ச்சி ஆயிடுமே?" என்றாள் ராஜலக்ஷ்மி. அவளுக்கு உண்மையிலேயே கவலை.

"இது படம் இல்லேம்மா, ஆதாரம். ஆதாரத்துல எத்தனை பேர் வேணும்னாலும் இருக்கலாம்."

"இருட்டா இருக்கே சார், மகால் விழாதே?"

"அப்போ லைட்டைப் போடச் சொல்லு. எல்லா லைட்டையும் போடச் சொல்லு!"

மகால் மறுபடி பொன்னாக எரிந்தது. ஆணையத்தின் போட்டோகிராபர் முழங்கை நீளக் கேமராவைக் கொண்டுவந்து முக்காலியில் நிறுத்தினார். ஜானகி சட்டென்று சுனிதாவின் கண்ணைத் துடைத்து, ரிப்பனைச் சரிசெய்தாள். வீணாவின் துப்பட்டாவை இழுத்துவிட்டாள். ராஜேந்திரனின் காலரை மடித்துவிட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நெருங்கி நில்லுங்க, ஒருத்தர் விடாம எல்லாரும் வரணும்" என்றார் போட்டோகிராபர். அந்த ஆளாவது தொழில் தெரிந்தவர்.

நாலு பேரும் அவரவர் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நெருங்கி நின்றார்கள்.

"சிரிக்கக் கூடாது!" என்று கத்தினார் இயக்குநர்.

முடியவில்லை. ஜானகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வந்தது. கடைசியில் ராஜேந்திரனுக்கும் வந்துவிட்டது. கேமரா பளிச்சென்றது.

"சார், அதுல ஒண்ணு எங்களுக்கும் பிரிண்ட் போட்டுக் குடுங்க சார். காசு குடுத்துடறேன்" என்றாள் ஜானகி.

"ஆணையத்தின் சொத்து அது. வெளியே கொடுக்கறதில்லே."

கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. திங்கட்கிழமை ராஜேந்திரன் புது ஷூ போட்டுக்கொண்டு மஸ்கட் போனான். பெட்டியில் ஊறுகாய் இருந்தது, போட்டோ இல்லை. விமான நிலைய வாசலில் ஒன்று எடுத்தார்கள். அதில் வீணா இல்லை.

அடுத்த வாரம் ஓவர்டைம் முடிந்து, வாசலில் படத்தை வைத்துவிட்டார்களா என்று பார்க்க ஜானகி மகால் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆணையம் செலவுக்கு அஞ்சவில்லை, மாண்புத் திரையின் மேல் பத்தடிக்கு அவள் குடும்பம் நின்றது. பின்னால் மகால் ஜிகுஜிகுவென்று எரிந்தது. சுனிதாவின் ரிப்பன் வரைக்கும் அத்தனை துல்லியம். கீழே சிவப்பு எழுத்தில், 'மாண்புக்குக் குந்தகம் விளைவித்தோர். இந்த நால்வரையும் உள்ளே விடக் கூடாது.' அதைக் கன்னடத்தில் போட்டு, இங்கிலீஷில் போட்டு, அவர்களுக்காகவே தமிழிலும் போட்டிருந்தார்கள்.

போனைத் தூக்கியதும் டெரிக் ஓடிவந்தார்.

"ஏம்மா, இங்க எடுக்கக் கூடாது! அதுல நாலு பேர் கீறாங்க. பர்மிஷன் வேணும்."

"படம் இல்ல சார், ஆதாரம்" என்றாள் ஜானகி. "ஆதாரத்துல எத்தினி பேர் வேணும்னாலும் இருக்கலாம்னு உங்க சாருதான் சொன்னாரு."

டெரிக் வாயைத் திறந்து மூடுவதற்குள் எடுத்து அனுப்பியும்விட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதே மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"நாலு பேரும் விழுந்துட்டோம் ஜானகி" என்றான். "எல்லாருக்கும் தல கீது."

"பிரிண்ட் போட்டு ஒட்டிக்கோ. கீழ எழுதியிருக்கறத வேணும்னா வெட்டிடு."

"எதுக்கு வெட்டணும்? அப்படியே இருக்கட்டும்." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஏன் ஜானகி, இதுல என் கையில கீதே அந்தச் செருப்பு, வீட்லதான கீது?"

"வாசல்லதான் கெடக்குது. இன்னாத்துக்கு?"

"பத்திரமா எடுத்து வெய்யி. ரெண்டு வருஷம் கழிச்சு வந்து, அதையே மாட்டிக்கினு, கழட்டாம மகாலுக்குள்ள போவணும்."